லூபஸுக்கு ஆஃப்-லேபிள் மருந்துகள்: பக்க விளைவும் செலவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய், உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் ஓ.பி. வரிசையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் கேட்கிற கேள்விகள் இவை. என் தங்கைக்கு லூபஸ் என்று தெரிந்ததிலிருந்து நானும் அந்த வரிசையில் இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. டோஸைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான். ஆனால் அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் கிடைக்கிற கொஞ்ச நேரமும் வீணாகாது.

ஆஃப்-லேபிள் என்றால் என்ன? சோதனை மருந்தா?

இல்லை. ஒரு மருந்தை விற்க அனுமதி கேட்கும்போது, இன்ன நோய்க்கு இன்ன அளவில் என்று கம்பெனி ஆய்வுகளைக் காட்டி ஒப்புதல் வாங்குகிறது. இந்தியாவில் சி.டி.எஸ்.சி.ஓ., அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. என்ற அரசு அமைப்பு இதைப் பார்க்கிறது. அந்த ஒப்புதலில் இல்லாத நோய்க்கு டாக்டர் அதே மருந்தை எழுதினால் அது ஆஃப்-லேபிள். மாத்திரை அதேதான், கடையும் அதேதான்.

மருந்துக்கடையில் ஒரு அம்மாவைப் பார்த்தேன். மைக்கோஃபீனோலேட் பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, "என் பொண்ணுக்குக் கிட்னி மாத்தவே இல்லையே, மாத்துன கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்கத்தான் இந்த மாத்திரைன்னு போட்டிருக்கே" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மா மாத்திரையை வாங்காமலே போயிருப்பார். நல்லவேளை, வரிசையில் இருந்த இன்னொருவர் டாக்டருக்குப் போன் போடச் சொன்னார். ஆஃப்-லேபிள் மருந்து எழுதும்போது, "தாளில் வேறு நோய் போட்டிருக்கும், பயப்படாதீர்கள், உங்களுக்கு இதற்காகத் தருகிறேன்" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும். டாக்டர் சொல்லவில்லை என்றால் நாமே கேட்டுவிட வேண்டும்.

லூபஸுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆஃப்-லேபிள்?

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் ஸ்டீராய்டும் 1955 வாக்கில் அமெரிக்காவில் லூபஸுக்கு ஒப்புதல் பெற்றன. அதற்கடுத்த மருந்தான பெலிமுமாப் வந்தது 2011 மார்ச்சில். நடுவில் 56 ஆண்டுகள். அந்த இடைவெளியில் சிறுநீரகம் கெட்டு, மூளையில் தாக்கம் வந்து, ரத்த அணுக்கள் இறங்கி வந்தவர்களைக் காப்பாற்ற டாக்டர்கள் புற்றுநோய், உறுப்பு மாற்று, முடக்குவாதம் ஆகியவற்றின் மருந்துகளைத்தான் எடுத்தார்கள். வேறு வழி இருக்கவில்லை. 2021ல் அனிஃப்ரோலுமாப், சிறுநீரக லூபஸுக்கு வோக்ளோஸ்போரின் என்று புதியவை வந்திருந்தாலும், நம் ஊரில் மருந்துச்சீட்டில் அதிகம் வருவது இன்னமும் பழையவைதான்.

காரணம் இரண்டு. லூபஸ் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வரும்; ஒருவருக்குத் தோல், ஒருவருக்கு மூட்டு, ஒருவருக்குச் சிறுநீரகம். எல்லோரையும் சேர்த்து ஆய்வு நடத்தினால் மருந்து வேலை செய்ததா இல்லையா என்று அளப்பதே சிக்கல். அப்புறம், காப்புரிமை முடிந்த மலிவான மருந்துக்கு லூபஸ் ஒப்புதல் வாங்குவதற்காகக் கோடிகளைச் செலவழிக்க எந்தக் கம்பெனியும் முன்வராது. இதில் எனக்குக் கோபம் உண்டு. பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் படிக்கிற, வேலைக்குப் போகிற, பிள்ளை பெறுகிற வயதில் இருப்பவர்கள். நடக்காத ஆய்வுகளின் விலையை அவர்கள் உடம்பால் கொடுக்கிறார்கள்.

எந்தெந்த மருந்துகள் இதில் சேரும்?

மைக்கோஃபீனோலேட், மெத்தோட்ரெக்ஸேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ரிட்டுக்ஸிமாப், டாக்ரோலிமஸ் ஆகியவை முக்கியமானவை. அசதயோப்ரின் ஒரு வேடிக்கையான கேஸ்: அமெரிக்க லேபிளில் லூபஸ் கிடையாது, பிரிட்டன் லேபிளில் உண்டு. நாடு மாறினால் முத்திரை மாறுகிறது, மருந்து மாறுவதில்லை. அதனால் "ஆஃப்-லேபிள்" என்ற முத்திரையை மட்டும் பார்த்து மிரள வேண்டாம். மைக்கோஃபீனோலேட்டும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சிறுநீரக லூபஸுக்கு உலக அளவிலான மருத்துவ வழிகாட்டு நெறிகளிலேயே முதல் வரிசையில் இருக்கின்றன.

அப்படியென்றால் பக்க விளைவு விஷயத்தில் ஆஃப்-லேபிளுக்கும் மற்றதற்கும் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. லேபிளில் எழுதியிருக்கும் பக்க விளைவுகள் வேறு நோயாளிகளிடம் பார்த்தவை. லூபஸ் உள்ளவருக்கு ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி தடுமாறியிருக்கும், ஸ்டீராய்டும் போய்க்கொண்டிருக்கும், சிறுநீரகமும் பழுதாகியிருக்கலாம். அதே மருந்து அந்த உடம்பில் என்ன செய்யும் என்பது பல நேரம் பிறகுதான் தெரியவருகிறது. 2006 டிசம்பரில், ரிட்டுக்ஸிமாப் எடுத்த இரண்டு லூபஸ் நோயாளிகள் பி.எம்.எல். என்ற அரிய மூளைத் தொற்றால் இறந்ததையடுத்து எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. அந்த மருந்துக்கு அமெரிக்காவில் லூபஸ் ஒப்புதல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. காய்ச்சல், சோர்வு, முடி உதிர்வு, வாய்ப்புண் எல்லாமே லூபஸும் தரும், மருந்தும் தரும். எது எதனால் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் "நோய்தான் கூடிவிட்டது" என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் ஆபத்து.

மெத்தோட்ரெக்ஸேட் ஏன் வாரம் ஒருமுறை? தினமும் போட்டால் சீக்கிரம் குணமாகாதா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுக்கும் தோலுக்கும் தரும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் போட்டால் ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை அடங்கி, வாயெல்லாம் புண்ணாகி, உயிரே போகலாம். போயும் இருக்கிறது.

தவறு நடக்கும் இடம் மருந்துச்சீட்டு. நம் ஊரில் எல்லா மாத்திரைக்கும் 1-0-0, 1-0-1 என்று எழுதிப் பழக்கம். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் அப்படியே 1-0-0 என்று விழுந்து, பக்கத்தில் "வாரம் ஒருமுறை" என்பது சின்ன எழுத்தில் இருந்தால், கடைப் பையன் கவரில் "காலை 1" என்று எழுதிவிடுவான். அதனால் கிழமையைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: "ஞாயிறு மட்டும்". கவரின் மேலும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் வேறு மாத்திரை; இரண்டும் மஞ்சளாக இருந்தால் வீட்டில் பெரியவர்கள் மாற்றி எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். தனித்தனி டப்பாவில் வையுங்கள். கர்ப்பம் திட்டமிட்டால் இந்த மருந்து ஆகாது, முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அசதயோப்ரின் ஆரம்பித்த சில வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. லூபஸால்தானே?

உடனே ரத்த அணுக்களைப் பரிசோதியுங்கள், காத்திருக்காதீர்கள். இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவதில் என்.யு.டி.டி.15 என்ற மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதில் மாற்றம் உள்ளவர்களுக்குச் சாதாரண டோஸே தாங்காது. வெள்ளணுக்கள் சரசரவென்று இறங்கும், அதற்கு முன்னோ கூடவோ முடி கொட்டும். இந்த மாற்றம் ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம், இந்தியர்கள் உட்பட, அதிகம். மேற்கத்திய ஆய்வுகள் முதலில் கவனித்தது டி.பி.எம்.டி. என்ற வேறொரு மரபணுவை, நமக்குப் பெரும்பாலும் கேட்க வேண்டியது என்.யு.டி.டி.15. பரிசோதனைக்குப் பணம் ஆகும்தான், ஆனால் வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். வசதி இல்லையென்றால் குறைந்த டோஸில் ஆரம்பித்து, முதல் சில வாரங்கள் அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொண்டே கூட்டலாம். டாக்டரிடம் இதைக் கேட்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று: யூரிக் ஆசிட்டுக்கு அலோபியூரினால் அல்லது ஃபெபுக்ஸோஸ்டாட் என்று வேறொரு டாக்டர் எழுதினால், அசதயோப்ரின் போடுவதைச் சொல்லாமல் வாங்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் அசதயோப்ரின் உடம்பில் தேங்கி மஜ்ஜையை அடக்கிவிடும்.

மைக்கோஃபீனோலேட் போட்டால் குழந்தை பெற முடியாதா?

பெறலாம், ஆனால் இந்த மருந்தில் இருக்கும்போது கர்ப்பம் கூடாது. கரு கலையும் வாய்ப்பு மிக அதிகம். தப்பிப் பிறக்கும் குழந்தைக்கும் காது, உதடு, அண்ணம் போன்றவற்றில் குறை வரலாம். அமெரிக்காவில் 2012 முதல் இதற்கென்றே தனிப் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்கிறார்கள். கர்ப்பத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நடைமுறையில் அதற்கும் முன்பே டாக்டர் அசதயோப்ரினுக்கு மாற்றி, நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடரலாம், தொடரவும் வேண்டும்.

கல்யாணமாகாத பெண்களிடம் இந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். தாயோடு வந்திருப்பதால் டாக்டருக்கும் தயக்கம், பெண்ணுக்கும் தயக்கம். ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. அம்மாக்களே எழுந்து வெளியே போய்விட்டால் இன்னும் நல்லது.

வயிற்றுப்போக்கு இந்த மருந்தின் பெரிய தொல்லை. சாப்பாட்டோடு எடுப்பது, டோஸைப் பிரிப்பது, குடலில் போய்க் கரையும் சோடியம் வகைக்கு மாறுவது என்று வழிகள் இருக்கின்றன. சொல்லாமல் டோஸை விட்டுவிட்டுச் சாப்பிடுபவர்கள் நிறைய. சிறுநீரில் புரதம் மறுபடி ஏறும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

சைக்ளோஃபாஸ்ஃபமைடு "கீமோ ஊசி" என்கிறார்களே, லூபஸ் புற்றுநோயா?

லூபஸ் புற்றுநோய் இல்லை. ஆனால் மருந்து அங்கிருந்து வந்ததுதான். 1959ல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. சிறுநீரகமோ மூளையோ வேகமாகக் கெடும்போது இது உயிர் காக்கும்.

மலிவாகவும் கிடைக்கும். அதுவே என்னை உறுத்துகிற விஷயம்: பணமில்லாத வீட்டுக்குக் குறைந்த விலை மருந்து எழுதப்படுகிறது, அந்த மருந்துக்கோ உடம்பு கொடுக்கும் விலை எல்லாவற்றையும்விட அதிகம். சினைப்பை செயலிழந்து மாதவிடாய் நின்றுபோகலாம், சிறுநீர்ப்பையில் ரத்தக் கசிவு வரலாம், தொற்றுகள் வரலாம், பல ஆண்டு கழித்துச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கூட வரலாம். வயதும் மொத்த அளவும் கூடக் கூட ஆபத்து கூடும்.

அதனால் இந்த ஊசி என்றால் நேரடியாகக் கேளுங்கள்: எந்த முறை? பழைய முறையில் மாதம் ஒருமுறை பெரிய டோஸ், ஆறு மாதம். யூரோ-லூபஸ் என்ற முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம், ஆறு தடவை, மொத்தம் 3 கிராம்தான். நிறைய பேருக்குச் சிறிய டோஸே போதுமானது, சினைப்பைக்கும் பாதிப்பு மிகக் குறைவு. எல்லோருக்கும் அது பொருந்தாது. நோய் கடுமையாக இருந்தால் டாக்டர் பெரிய டோஸையே சொல்லலாம். பெரிய டோஸ்தான் என்றால் சினைப்பையைக் காக்கும் லியூப்ரோலைடு ஊசி, கருமுட்டை சேமிப்பு பற்றி ஊசிக்கு முன்பே பேச வேண்டும். ஊசி நாளில் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும், சிறுநீரகப் பிரச்சினையால் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள். சிறுநீர் சிவந்தால் இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரிட்டுக்ஸிமாப் ஆய்வில் தோற்றது என்று படித்தேன். பிறகு ஏன் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போட வேண்டும்?

நியாயமான கேள்வி. எக்ஸ்ப்ளோரர், லூனார் என்ற இரண்டு பெரிய ஆய்வுகளும் (முடிவுகள் 2010லும் 2012லும் வந்தன) நிர்ணயித்த இலக்கை எட்டவில்லை. எல்லோருக்கும் அதிக ஸ்டீராய்டும் கூடவே கொடுத்ததால் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கலாம் என்பது பல நிபுணர்களின் கருத்து. மற்ற மருந்துகள் கைவிட்டவர்களில் பலர் இதில் தேறியதை டாக்டர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் மற்றவை பலிக்காதபோது தரலாம் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. முதல் மருந்தாகவே இதைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

இந்தியாவுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. உலகின் முதல் ரிட்டுக்ஸிமாப் பயோசிமிலர் (மூல உயிரி மருந்தைப் போலவே வேறு கம்பெனி செய்வது) 2007ல் இங்கேதான் வந்தது. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தின் ரெடிடக்ஸ். இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும், விசாரித்து வாங்குங்கள்.

போடுவதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம். பழைய தொற்று ஒளிந்திருந்தால் இந்த ஊசி அதைக் கிளப்பிவிட்டு ஈரலையே அழித்துவிடலாம். காசநோய்க்கும் பார்த்துவிடுவது நம் ஊரில் நல்லது. தடுப்பூசிகளை ஊசிக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், பிறகு போட்டால் மாதக்கணக்கில் சரியாகப் பிடிக்காது.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஒப்புதல் பெற்ற மருந்துதானே, அதற்கு ஏன் கண் பரிசோதனை?

ஒப்புதல் இருந்தால் பக்க விளைவு இல்லை என்று பொருளில்லை. இது விழித்திரையில் மெதுவாகப் படியும். ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள் இருந்தால் முதல் பத்தாண்டில் ஆபத்து 2 சதவீதத்துக்கும் கீழே. இருபது ஆண்டு தாண்டினால் 20 சதவீதத்தை நெருங்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 45 கிலோ பெண்ணுக்கு 225 மில்லிகிராம். தினமும் 400 என்றால் அதிகம். முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு முன்னதாகவே. "பார்வை நன்றாகத்தான் இருக்கிறது" என்று தள்ளிப்போடாதீர்கள். பார்வை மங்கும்போது சேதம் ஆகி முடிந்திருக்கும். இத்தனைக்கும் லூபஸில் உயிரைக் காப்பதில் இதற்கு நிகராக வேறொன்றில்லை, நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஸ்டீராய்டும் ஒப்புதல் பெற்றதுதான். சர்க்கரை, கண்புரை, எலும்புத் தேய்மானம், இடுப்பு மூட்டுக்கு ரத்தம் நின்றுபோவது என்று அது செய்யும் சேதம் பல ஆஃப்-லேபிள் மருந்துகளைவிட அதிகம். ஆஃப்-லேபிள் மருந்து தரும் முக்கியக் காரணமே ஸ்டீராய்டைக் குறைப்பதற்குத்தான். முடிந்தால் நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது 2023 ஐரோப்பிய வழிகாட்டுதல். திடீரென்று மட்டும் நிறுத்தக்கூடாது.

செலவு உண்மையில் எங்கே போகிறது?

மாத்திரை விலையில் மட்டும் இல்லை. மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க ரத்த அணுக்கள், ஈரல், கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம். ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கண்ணுக்கு ஓ.சி.டி. ஸ்கேன், எலும்புக்கு டெக்ஸா ஸ்கேன். பெரியவர்களுக்கான நிமோனியா தடுப்பூசி கைக்காசு. ராமநாதபுரத்திலிருந்து வருகிறவர் இரவு பஸ் ஏறி, காலையில் ரத்தம் கொடுத்து, ரிசல்ட் வரும்வரை ஓட்டலில் சாப்பிட்டு, மாலையில் டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் இருவருக்கு இரண்டு நாள் கூலி போகிறது. நடுவில் ஒரு தொற்று வந்து படுத்தால் அந்த ஆண்டுக் கணக்கே மாறிவிடும்.

குறைக்க வழிகள்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வாதநோய்ப் பிரிவில் பதிவு செய்துகொள்ளுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கெனத் துறை இருக்கிறது. ஜெனரிக் மருந்துக்கு மக்கள் மருந்தகங்களையும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களையும் கேட்டுப் பாருங்கள். எல்லாம் எல்லாக் கடையிலும் இருக்காது, சீட்டைக் காட்டிக் கேட்பதே வழி. டாக்டர் பார்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு உள்ளூரிலேயே பரிசோதனையை முடித்துக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

இன்சூரன்ஸ் "ஆஃப்-லேபிள்" என்று சொல்லிப் பணம் தர மறுத்தால்?

விட்டுவிடாதீர்கள். பாலிசிகளில் "நிரூபிக்கப்படாத சிகிச்சை"க்குப் பணம் இல்லை என்று ஒரு விலக்கு இருக்கும். அதைக் காட்டித்தான் மறுப்பார்கள். சிகிச்சையின் பலனுக்கு மருத்துவ ஆதாரம் போதாதபோதுதான் அந்த விலக்கு பொருந்தும். சர்வதேச வழிகாட்டு நெறியில் இருக்கும் மருந்தை அதில் சேர்க்க முடியாது. எந்த நெறி, எந்த ஆண்டு, ஏன் வேறு மருந்து பலிக்கவில்லை என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் செய்த எதிர்ப்புப் புரதம்) ஊசிகளைப் பாலிசிகளில் சேர்க்க வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019லேயே சொல்லியிருக்கிறது. உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம், மொத்தமாக மறுக்கக் கூடாது. ரிட்டுக்ஸிமாப் அந்த வகைதான்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் லூபஸை மறைக்காதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டு. மறைத்தால் எல்லாமே போகும்.

அமெரிக்காவில் இருக்கும் அக்காவுக்கும் இதே பிரச்சினையா?

வேறு வடிவில். அங்கே முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் மருந்துப் பிரிவு (பார்ட் டி), ஒப்புதல் இல்லாத பயன்பாட்டுக்குப் பணம் தர வேண்டுமானால் அது குறிப்பிட்ட மருந்துத் தொகுப்பு நூல்களில் இடம்பெற்றிருக்க வேண்டும். புற்றுநோய்க்கு மருத்துவ இதழ்களின் ஆய்வுகளையும் ஏற்பார்கள். லூபஸுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒப்புதல் பெற்ற மருந்தும் சுலபமில்லை: பெலிமுமாப் 2011ல் வந்தபோது ஆண்டுக்குச் சுமார் 35,000 டாலர்.

2020ல் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கிடைக்காமல் போனதே, மறுபடி நடக்குமா?

நடக்கலாம். அப்போது கொரோனாவுக்கு இது ஆஃப்-லேபிளாக அள்ளப்பட்டது. மார்ச் 23 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிந்துரைத்தது, சில நாளில் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. அதற்குள் கடைகள் காலி. பல ஆண்டாக இதையே நம்பியிருந்தவர்கள் கடை கடையாக அலைந்தார்கள். அமெரிக்கா தந்த அவசர அனுமதியை ஜூன் 15 அன்று திரும்பப் பெற்றது, கொரோனாவுக்குப் பலனில்லை என்று. ஒரு மாத மாத்திரை எப்போதும் கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

இவ்வளவு பக்க விளைவு என்றால் நாட்டு மருந்துக்குப் போய்விடலாமா?

மருந்தை நிறுத்திவிட்டுப் போனவர்கள் டயாலிசிஸில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருக்கலாம். சீந்தில் கொடி எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவது. கொரோனா காலத்தில் அதைக் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவு செய்தார்கள். எதை எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

பக்க விளைவு வந்தால் டாக்டரைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

இந்தியாவில் 2010 முதல் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. நோயாளியே புகார் தரலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024. மருந்தின் பெயர், பேட்ச் எண், ஆரம்பித்த தேதி, என்ன ஆனது, இவை இருந்தால் போதும். எந்த நோய்க்காக எடுத்தீர்கள் என்று கேட்கும் இடத்தில் "லூபஸ்" என்று மறக்காமல் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடுவதற்கு முன் பேட்ச் எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.